வாரண்டியில் இல்லாத வளைவு

இலங்கையில் வாகன இறக்குமதியை மறுபடி திறந்துவிட்ட பிறகு நான் வாங்கிய முதல் புதுக் கார் அது. வீடு ஹட்டனில். படிப்பிப்பது மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்து அலுத்துப்போய்த்தான் வாங்கினேன். எல்லாக் காருக்கும் மூன்று வருட வாரண்டி உண்டு, மேற்கொண்டு பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருவோம், எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்றார் விற்பனையாளர். நீட்டித்தே வாங்கினேன்.

முதல் மாதமே அது நின்றது.

பாடசாலை விட்டு வரும் வீதி நீர்த்தேக்கத்தை ஒட்டியே போகும். அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுன் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றினால் கோயில் இடிபாடு வெளியே தெரியும். ஒரு வளைவில் பழைய வீதி பிரிந்து, புல் மூடி, நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அன்று பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம். அந்த வளைவில் எஞ்சின் குலுங்காமல், திணறாமல், யாரோ சாவியைத் திருப்பியதுபோல் அடங்கிவிட்டது. கூடவே பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்து, மணி அடித்தது.

சீட்டில் என் பை இருந்தது. அதன் கனத்துக்குத்தான் அடிக்கிறது என்று எடுத்துப் பின்னால் போட்டேன். வெறும் சீட். மணி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே ஓய்ந்தது. எஞ்சினும் கிளம்பியது.

அதற்குப் பிறகு பலமுறை. காலையில் போகும்போது ஒருநாளும் இல்லை. வீடு திரும்பும்போது, பனிமூட்டம் இறங்கியிருந்தால், அதே இடம்.

நுவரெலியாவிலிருந்த கார் கம்பெனியின் கராஜில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டி. பாகம் எதுவும் பழுதாகவில்லை என்றால் எதை மாற்றுவது என்று மேலாளர் பொறுமையாக விளக்கினார். தேய்ந்துபோகிற டயர், பிரேக் கட்டை போன்றவை எப்படியும் சேராது. மற்றதற்கும் கோளாறைத் தங்கள் ஆள் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நான் விடாமல் போய் நின்றதால் ஒரு பரிசோதகரை அனுப்பினார்கள்.

ராகலைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர், ஐம்பது வயதிருக்கும். பாடசாலைக்கே வந்துவிட்டார். தானே ஓட்டுவதாகச் சொல்லி என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னார். ஆயுள் உத்தரவாதம் என்றால் யாருடைய ஆயுள் என்று வழியில் கேட்டேன்.

"உங்க ஆயுளும் இல்ல, காரோட ஆயுளும் இல்ல சேர். மொதல்ல வாங்குனவங்க கையில இருக்குற வரைக்கும்தான். வித்தீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சிரும்."

பனிமூட்டத்துக்குள் வளைவு வந்தது. எஞ்சின் அடங்கியது. முன்னால் காலியாக இருந்த சீட்டுக்கு மணி அடிக்கத் தொடங்கியது. அவர் சாவியைத் தொடவில்லை. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டின் உறை லேசாக அமுங்கியிருந்ததாக எனக்குப் பட்டது. புதுச் சீட் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு அவர் குறுக்கே கைநீட்டி, பெல்ட்டை மெதுவாக இழுத்து, யார் மேலும் இடித்துவிடக் கூடாது என்பதுபோல் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். மணி நின்றது. எஞ்சின் ஒரே திருப்பில் கிளம்பியது.

ஹட்டன் வரை அவரே ஓட்டிவந்தார். இறங்கும்போதுதான் சொன்னார்: "சீட்டுக்குக் கீழ இருக்குற சென்சர் பழுதுன்னு எழுதுறேன் சேர். அப்பத்தான் மாத்திக் குடுப்பாங்க. வேற எதுவும் எழுத முடியாது."

சென்சரையும் எஞ்சினை இயக்கும் மின்பெட்டியையும் இலவசமாக மாற்றித் தந்தார்கள். கார் அதன்பின் நிற்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. நானும் மறந்துவிடத் தயாராக இருந்தேன். மனைவியிடம் எஞ்சின் நின்றதைச் சொல்லியிருந்தேனே தவிர, சீட்டைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியாவில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு இருவரும் திரும்பினோம். அவள் என் பக்கத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். வளைவு நெருங்கியது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு கதவோரமாக நகர்ந்தாள். தோள் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

"என்ன?" என்றேன்.

"தெரியலைங்க. நெருக்கமா இருக்கு. கால் நனைஞ்ச மாதிரி குளுருது."

வீட்டு வாசலில் காலணியைக் கழற்றிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. அடுத்த முறை காரில் ஏறும்போது பின்கதவைத் திறந்துகொண்டாள்.

மழைக்காலம் தொடங்குமுன் காரை விற்றுவிட்டோம். வாங்கியவர் ஒரு மரக்கறி வியாபாரி. வாரண்டி மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். நீட்டித்ததைப் பெயர் மாற்றிக்கொள்ளலாம், ஆயுள் உத்தரவாதம் மட்டும் என்னோடு முடிந்துவிட்டது என்றேன். வளைவைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மஸ்கெலியாப் பக்கம் தனக்கு வேலையே இல்லை என்று சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொண்டார்.

இப்போது பஸ்ஸில்தான் போய்வருகிறேன். மாலையில் கூட்டம் குறைவாக இருந்தாலும், யாராவது உட்கார்ந்திருக்கும் சீட்டாகப் பார்த்து, அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.