மாப்பிள்ளை தூங்கட்டும்

மனைவி இறந்த பிறகும் மாமியார் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. போங்கள் என்று வேன்காரரும் சொல்லவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் தங்கிப்போனார்கள்.

வேன்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால் மாலையில் திரும்ப அழைத்துவர வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் சமைப்பார், துவைப்பார், மாமியாரிடம் பேச்சு வாங்குவார். தன் ஒரே மகளை ஒரு ஆபீசருக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்த அத்தைக்கு, ஸ்டியரிங் பிடிக்கிறவர் மாப்பிள்ளையாக வந்தது கடைசிவரை ஜீரணமாகவில்லை. ஆனால் அத்தை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "மாப்பிள்ளை, உங்களுக்குக் காது கேக்காதா, இல்ல கேக்காத மாதிரி இருக்கீங்களா?" என்பார். "இது ரசமா, இல்ல கை கழுவின தண்ணியைக் கொண்டாந்து வச்சிட்டீங்களா?" என்பார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' இருக்கும். மானம் மட்டும் கப்பலேறும்.

அப்படிப்பட்ட அத்தைக்கு வயிற்றில் கட்டி வந்தது. கண்டுபிடிக்கும்போதே முற்றிப் போயிருந்தது. இனி அறுவை, ஊசி என்று போட்டு வதைக்க வேண்டாம், வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஊரில் இருந்த அத்தையின் மகனுக்கு வேன்காரர் போன் செய்தார். மச்சான், "நீங்க இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை மாப்ள" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் போனை வைத்ததும் யாரோ மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது வேன்காரருக்கு.

கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அங்கிருந்து ஒரு சிஸ்டர் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்துபோனார். ஒல்லியான உடம்பு, தோளில் கனத்த பை, எப்போதும் கொஞ்சம் தூக்கம் சொக்கும் கண். வந்ததும் அத்தையைத் துடைத்து, முதுகில் புண் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, வலி மருந்தின் அளவைச் சரிபார்ப்பார். அதெல்லாம் முடிந்ததும் வேன்காரரைப் பார்த்து, "நீங்க எப்படிண்ணா இருக்கீங்க?" என்று கேட்பார்.

"எனக்கென்ன சிஸ்டர், கல்லு மாதிரி இருக்கேன்."

சிஸ்டர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் வற்புறுத்த மாட்டார்.

சிஸ்டர் வராத நாட்கள்தான் கஷ்டம். மாடி வீட்டு அக்கா, வேன்காரர் வண்டியோடு போயிருக்கும் நேரத்தில் வந்து எட்டிப் பார்ப்பார், தண்ணீர் கொடுப்பார். அதற்குமேல் அவரிடம் கேட்க முடியாது. டயப்பர் மாற்றுவது, துடைப்பது எல்லாம் மாப்பிள்ளை தலையில் விழுந்தது. முதல் தடவை அத்தை ஒரு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வேன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, கையால் தடவித் தடவி வேலையை முடித்தார். இரண்டு பேரும் மூச்சுக்கூட விடவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தவர், வேனுக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

சில வாரங்களில் துண்டு கீழே இறங்கியது. "அந்தப் பக்கம் இழுங்க மாப்பிள்ளை, மடிப்பு விழுந்திருக்கு பாருங்க. வண்டி சீட்டுக்கு உறை போடத் தெரியுதில்ல?" என்று அத்தை அதட்ட ஆரம்பித்தபோது, வேன்காரருக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் தூக்கம் போய்விட்டது. அத்தை முனகினால் எழுந்திருக்க வேண்டும். முனகாவிட்டால், ஏன் முனகவில்லை என்று எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். உடம்பு இரும்பைக் கட்டி இழுப்பது போல் ஆயிற்று. உப்புப் போட்டோமா இல்லையா என்று மறந்து போயிற்று. ஒருநாள் சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போய், பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

பிறகு அந்த மாலை வந்தது. பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், நேரான சாலையில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. ஒரு நொடிதான் இருக்கும். டமார் என்று சத்தம் கேட்டு விழித்தபோது, வேனின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு மின்கம்பத்தில் இடித்துத் தெறித்திருந்தது. ஒரு கை அகலம் தள்ளியிருந்தால் வண்டியே மோதியிருக்கும்.

பின்னாலிருந்து பிள்ளைகள், "வேன் மாமா, இன்னொரு தடவை!" என்று கத்திச் சிரித்தார்கள்.

வேன்காரர் ஓரமாக நிறுத்தி, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாள் சிஸ்டர் வந்து "எப்படிண்ணா இருக்கீங்க?" என்று கேட்டபோது கல்லு மாதிரி என்ற சொல் வாயில் வரவில்லை. அடுப்படிக்குக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொன்னார்.

சிஸ்டர் திட்டவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. அத்தையை ஒரு வாரம் எங்க இல்லத்துல விடுங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க தூங்குங்க. இப்படிக் கொஞ்ச நாள் வர்றவங்களுக்குன்னே அங்க கட்டில் வச்சிருக்கோம்" என்றார்.

"தள்ளிவிட்டுட்டான்னு சொல்லுவாங்க சிஸ்டர்."

"சொல்றவங்க வந்து ஒருநாள் மாத்தி விடுவாங்களா?"

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டு அவர் அறைக்குள் போனால், அத்தைக்கு எல்லாம் கேட்டிருந்தது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. "என்னைக் கொண்டுபோய்த் தள்ளிட்டு வரப் பாக்குறீங்க, அப்படித்தானே மாப்பிள்ளை? பொண்ணு போயிட்டா, இனி எனக்கென்ன மரியாதை?"

மகள் போன பிறகு, அவளைப் பற்றி அந்த வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வேன்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னால முடியல அத்தை. பிள்ளைங்களை வச்சிக்கிட்டுக் கண்ணை மூடிட்டேன்" என்றார்.

அத்தை மெல்லத் திரும்பி, "அங்க சாப்பாடு மாப்பிள்ளை மாதிரிதான் சமைப்பாங்களா?" என்று அறை வாசலில் நின்ற சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார். அதுதான் சம்மதம்.

அத்தையை வேனிலேயே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்பக்க இருக்கைகளை மடக்கி மெத்தை போட்டிருந்தது. இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வேன்காரர் படுத்தார். மாலைச் சுற்றை வேறொரு ஓட்டுநர் பார்த்துக்கொண்டார். மாடி வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டித் தட்டி, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பயந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்பினார்.

மறுநாள் காலைச் சுற்றை முடித்துக்கொண்டு இல்லத்துக்குப் போனார். அத்தை அடித்துப் போட்ட துணி மாதிரி கிடப்பார் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு, வாசலிலேயே அவர் குரல் கேட்டது. தலை வாரிவிட வந்த பெண்ணிடம், "சீப்பா இது, ரம்பமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சி வீங்கியிருக்கு. தூங்கினீங்களா?"

"தூங்கினேன் அத்தை."

"நானும் தூங்கினேன். வீட்டுல எங்க தூங்குறது? நீங்க எந்திரிச்சு வர்ற சத்தம் கேட்டாலே எனக்கு முழிப்பு வந்துடும். ஐயோ பாவம், காலையில வண்டி எடுக்கணுமேன்னு வலிச்சாக்கூட வாயை மூடிக்கிட்டுத்தான் கிடப்பேன்."

"சத்தமே வரலியேன்னுதான் அத்தை நான் எந்திரிச்சு வருவேன்."

அத்தை அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலித்தது, வலியோடு சிரித்தார். தலை வாரிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் சிஸ்டரைக் கூப்பிட ஓடினாள். அடங்கியதும் அத்தை சொன்னார்: "வாரம் முடிஞ்சாலும் நான் இங்கயே இருக்கேன். இவங்க வேலைக்கு ஆள் மாத்தி ஆள் வர்றாங்க. உங்களுக்கு மாத்த யாரு இருக்கா?"

வேன்காரர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அத்தை கையை அசைத்தார். "மாப்பிள்ளை தூங்கட்டும்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். போய்ப் பொழப்பைப் பாருங்க."

அதன்பிறகு தினமும் இரண்டு சுற்றுக்கும் நடுவில் இல்லத்துக்குப் போய்வந்தார். துடைப்பதற்கும் புரட்டுவதற்கும் வேறு கைகள் இருந்ததால், சும்மா உட்கார்ந்து பேச முடிந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது செய்த சேட்டைகளை அத்தை சொன்னார். கல்யாணமான புதிதில் அவள் வேனை ஓட்டிப் பார்க்கிறேன் என்று காய்கறிக் கடைக்குள் விட்டதை இவர் சொன்னார். "என்கிட்ட மறைச்சிட்டீங்களே ரெண்டு பேரும்!" என்று அத்தை கோபித்துக்கொண்டார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. கடைசியில் உதட்டை ஈரப் பஞ்சால் நனைப்பதோடு நின்றது.

ஒரு மாலை, பள்ளி வாசலில் பிள்ளைகள் எல்லாரும் ஏறி முடித்து வண்டியைக் கிளப்பும்போது போன் வந்தது. சிஸ்டர்.

"அண்ணா, வண்டி நிக்குதா?"

"நிக்குது, சொல்லுங்க."

"அத்தைக்கு மூச்சு மாறிட்டு வருது. வந்தீங்கன்னா நல்லது."

வேன்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ஒருத்தன் இன்னொருத்தன் தலையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். "பிள்ளைங்க இருக்காங்க சிஸ்டர்."

"இறக்கிட்டே வாங்க. வேகமா ஓட்டாதீங்க. நான் கையைப் பிடிச்சிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். அவங்க தனியா இல்ல."

ஒவ்வொரு வாசலாக நின்றார். வீட்டு ஆள் வந்து கையைப் பிடிக்காமல் பிள்ளையை விடக்கூடாது என்பது அவர் வேலையின் சட்டம். ஒரு குட்டிப் பெண்ணின் வீட்டில் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்தும் யாரும் வரவில்லை. வேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவள் அப்பா சோப்பு நுரையோடு ஓடிவந்து, "மன்னிச்சுக்குங்க, குளிச்சிட்டிருந்தேன்" என்றார். "பரவாயில்லை சார்" என்று சொன்ன தன் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது.

இல்லத்து வாசலில் சிஸ்டர் நின்றிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இப்பதாண்ணா. சிரமப்படல."

"என்னைக் கேட்டாங்களா?"

"உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். மதியம் நீங்க போனதுலேர்ந்து நினைவே இல்ல. யாரையும் கேக்கல."

ஏனோ அந்த பதில்தான் வேன்காரரை நிற்க வைத்தது. 'உங்க பேரைத்தான் சொன்னாங்க' என்று சொல்லியிருந்தால் அங்கேயே விழுந்திருப்பார்.

தகவல் கேட்டுக் கிளம்பி மச்சான் இல்லத்துக்கு வந்து சேர்ந்தார். பயணக் களைப்போடு, உள்ளே வந்ததும் வராததுமாக, "கடைசி நேரத்துல இங்க கொண்டுவந்து போட்டுட்டீங்களே மாப்ள" என்றார். வேன்காரருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. ஆனால் கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. சிஸ்டர்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க சார், அம்மா பக்கத்துல உக்காருங்க. கையைத் தொடலாம், ஒண்ணும் ஆகாது" என்றார். தொடலாமா என்று மச்சானுக்கு உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. தொட்டார். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். வேன்காரர் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் வீடு விழுங்க வந்தது. இப்போது தூங்கத் தடையில்லை, தூக்கம்தான் வரவில்லை. வீட்டிலேயே வைத்திருக்கலாமோ என்ற நினைப்பு சோற்றில் கல் மாதிரி அடிக்கடி பல்லில் பட்டது. ரசம் வைத்தால் குறை சொல்ல ஆள் இல்லை என்பதால் ரசம் வைப்பதையே விட்டுவிட்டார்.

சில வாரம் கழித்து சிஸ்டர் போன் செய்தார். "எப்படிண்ணா இருக்கீங்க?"

"நோயாளிதான் போயாச்சே சிஸ்டர். இன்னும் எதுக்கு எனக்கு போன்?"

"உங்களுக்காகத்தான். நோயாளியை வீட்ல வச்சுப் பாத்துக்கறவங்கல்லாம் சனிக்கிழமை இங்க கூடுவாங்க. சும்மா வந்து உக்காருங்க. பேசணும்னு இல்ல."

போனார். இல்லத்தின் பின்பக்க அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. உட்கார்ந்திருந்த எல்லாருடைய கண்ணுக்குக் கீழேயும் கருப்பு. பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். "சில நேரம் போய்ச் சேர்ந்தா தேவலன்னு நினைச்சிடறேன். அப்புறம் என்னையே அறைஞ்சுக்கறேன். இங்க ஒரு வாரம் விடலாம்னு சிஸ்டர் சொல்றாங்க. விட்டுட்டுப் போற நேரம் பாத்து ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

வேன்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்ல, ஆனாலும் ஆகலாம். எனக்கு ஆச்சு. நான் வர்றதுக்குள்ள போயிட்டாங்க. இப்பவும் உறுத்துது. உறுத்தலேன்னா பொய்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அந்தக் கடைசி நாளெல்லாம் எங்க அத்தைகூட உக்காந்து சிரிச்சேன். தூங்கினதாலதான் சிரிக்க முடிஞ்சுது. விட்டுட்டுப் போய்த் தூங்குங்க."

அந்தப் பெண் நாற்காலியில் அப்படியே சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.