பேசா நோன்பும் கண்ணாடி விரியனும்

சானிடரி இன்ஸ்பெக்டர் வேலை இருக்கிறதே, ஊர் சுத்தமாக இருந்தால் அப்படி ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நாறினால் ஊருக்கே ஞாபகம் வந்துவிடும். திருவிழா டியூட்டி பார்த்த போலீஸ்காரர்களுக்கும் ஸ்பெஷல் பஸ் ஓட்டிய டிரைவர்களுக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஊரெல்லாம் அண்ணாந்து மலையைப் பார்த்து அரோகரா போடும்போது நாம் மட்டும் குனிந்து ஜனங்களின் காலடியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். திருவண்ணாமலையில் பல கார்த்திகை தீபங்களை நான் அப்படித்தான் கழித்தேன்.

எனக்கு விட்ட இடம் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு மாந்தோப்பு. மாட்டுச் சந்தையையும் தீபத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கொடியேற்றத்தில் வந்து இறங்கினால் தீபம் முடிகிறவரை வண்டிக்குப் பக்கத்திலேயே சமையல், வண்டிக்கு அடியிலேயே படுக்கை. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதும், ஜனங்களுக்குக் காலரா ஊசி போட ஏற்பாடு செய்வதும் என் வேலை. மற்றபடி யாருக்கும் சொந்தமில்லாத எந்தச் சங்கடம் வந்தாலும் அதுவும் என் தலையில்தான் விடியும்.

யார் பொறுப்பு?

முதல் வருஷமே தோப்பில் ஒரு பாம்பைப் பார்த்துவிட்டு ஜனங்கள் என்னிடம் ஓடிவந்தார்கள். நான் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரரிடம் போனேன். மனுஷனுக்கு மனுஷன் அடித்துக்கொண்டால் கூப்பிடுங்கள், வருகிறேன் என்றார். காட்டு இலாகாக் காவலர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மலைமேல் இருந்தால்தான் அது எங்கள் பாம்பு, கீழே இறங்கிவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு மிச்ச டீயைக் குடித்தார். கொட்டகை போட வந்த மேஸ்திரிக்கு மூங்கிலோடு சரி.

இத்தனை பேச்சு நடப்பதற்குள் பாம்பு தன் வழியே போய்விட்டது. ஆனாலும் நாளைக்கு இன்னொன்று வராதா? எதற்கும் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரியிடம் போய் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“உயிருக்கு ஆபத்துன்னா அது சுகாதாரம்தானேய்யா? நீயே பாத்துக்க.”

முதலில் நீண்ட கை

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம். சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொல்லிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்த வருஷமும் தோப்பில் ஊசி போட ஆரம்பித்தோம். ஊசி என்றாலே ஆண்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்கள். பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளையே இல்லாதவர்கள் யாருடையதையாவது வாங்கி மடியில் போட்டுக்கொள்வதும் உண்டு. அன்றைக்கு ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா மட்டும் தானே முன்னால் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கையை நீட்டினார். பெயர் கேட்டேன், பதில் இல்லை. ஊர் கேட்டேன், அதற்கும் இல்லை. காது கேட்காதோ என்று நான் குரலை உயர்த்த, பின்னால் நின்ற அவருடைய வீட்டுக்காரர் முன்னுக்கு வந்தார்.

பெயர் பாக்கியம்மாள். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். ஒரே பையன் பட்டாளத்தில் இருக்கிறான். சண்டைக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு கடுதாசி வந்ததோடு சரி, அப்புறம் தகவலே கிடையாது. அவன் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று கொடியேற்றத்தில் வாயை மூடியவர், மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் திறப்பார். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் என்னைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேசமாட்டா சார். ஊசி வலிச்சாக்கூட கத்தமாட்டா. புள்ளைக்கு ஆவாதுன்னு.”

கைதட்டல்

பேசாவிட்டால் குடும்பம் எப்படி நடக்கும்? பாக்கியம்மாள் எல்லாவற்றுக்கும் கை தட்டுவார். வீட்டுக்காரரைக் கூப்பிட ஒரு தட்டல், மாடு அவிழ்த்துக்கொண்டால் ஒரு தட்டல், கிணற்று வாளி இப்போது கிடைக்குமா என்று கேட்கவும் ஒரு தட்டல். முதல் இரண்டு நாள் தோப்பே திரும்பிப் பார்த்தது. அப்புறம் பழகிவிட்டது. மாட்டின் கழுத்து மணியை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்?

பக்கத்து வண்டி கீழ்பென்னாத்தூர்க்காரர் முருகேசனுடையது. அவர் மனைவி கன்னியம்மா ஓயாமல் பேசுகிறவள். அடுப்போடு பேசுவாள், மாட்டோடு பேசுவாள், கேட்க யாருமில்லை என்றால் என்னைக் கூப்பிட்டு, கிணற்றுத் தண்ணியில் மருந்து நாத்தம் ஜாஸ்தி என்று சண்டைக்கு வருவாள். சரசு என்று தவழுகிற வயதில் ஒரு பெண் குழந்தை. பேசாத ஒருத்தி பக்கத்தில் இருப்பது கன்னியம்மாவுக்குச் சோறு இறங்காத விஷயமாகிவிட்டது. என்ன சொன்னாலும் அந்தம்மா சிரித்துவிட்டுப் போய்விடுவதால் கோபம் இன்னும் ஏறியது. ஒருநாள் பாக்கியம்மாள் காதில் விழும்படியே என்னிடம் சொன்னாள்.

“சுவத்தாண்ட பேசினாலும் எதிர்ச் சத்தம் வரும் சார். இந்தம்மாவாண்ட அதுகூட வரல.”

தேரன்று பகலில்

ஏழாம் நாள் தேர். ஆண்கள் பாதிப்பேர் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். நான் கிணற்றடியில் பவுடரைக் கரைத்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா குழந்தையை வண்டிப் பக்கம் பாயில் விட்டுவிட்டு, தண்ணி சேந்த வந்த இடத்தில் பேச்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் மாட்டுக்குத் தீனியாகக் கொண்டுவந்த மல்லாட்டைக் கொடி, அதாவது நிலக்கடலைக் கொடி, பாய்க்கு அருகில் குவிந்து கிடந்தது. கொடியில் தப்பிய மல்லாட்டைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கிராமத்துக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. திருவிழாவில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

கைதட்டல் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை. மறுபடி கேட்டது, வேகவேகமாக. அப்புறம் தட்டை எடுத்துக் கல்லில் அடிக்கிற சத்தம். “அதுக்கு வேற வேலையில்ல” என்று கன்னியம்மா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல்தான் அந்தக் குரல் வந்தது. அத்தனை நாள் பூட்டிக் கிடந்த தொண்டையிலிருந்து கரகரவென்று வந்தது. நாங்கள் எல்லாரும் எழுந்து ஓடினோம். கொடிக் குவியலுக்கு வெளியே தடிமனாக ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு, துருத்தி ஊதுவதுபோல் சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, குழந்தை அதை நோக்கித் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் கிரிவலம் நடந்ததில் முழங்கால் வீங்கி எழ முடியாமல் கிடந்த பாக்கியம்மாள் மண்ணில் கையை ஊன்றி நகர்ந்து வந்துகொண்டிருந்தார். கன்னியம்மா பாய்ந்து குழந்தையை இழுத்த அதே நேரம் விரியன் கொத்தியது. பல் பாயில் பட்டது. என் கையிலிருந்த காலி பவுடர் டின்னை அதன்மேல் கவிழ்த்து, டின்னின் மேல் ஒரு கல்லை வைத்தேன்.

குழந்தையைக் கட்டிக்கொண்டு கன்னியம்மா அழுதாள். பாக்கியம்மாள் அழவில்லை. தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் என்ன நடந்துபோயிற்று என்பது எனக்கே உறைத்தது. ஓடிவந்த வீட்டுக்காரர் அவர் கையை விலக்கப் பார்த்தார்.

“வுடு... புள்ளைக்குன்னு மூடுன வாயி. தொறந்துட்டனே.”

டின்னைச் சுற்றி

டின்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. உள்ளே சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. முருகேசன் வண்டியிலிருந்து முளைக்கட்டையை உருவிக்கொண்டு வந்தார். மலையடிவாரத்தில், அதுவும் கொடி ஏறியிருக்கும் நாளில் ஒரு ஜீவனைக் கொல்வதா என்று ஒருவர் தடுத்தார். பிடித்துக்கொண்டுபோய் மலையில் விடலாம் என்றார் இன்னொருவர். யார் பிடிப்பது என்று கேட்டேன், பின்னால் நகர்ந்துகொண்டார். அப்போது விபூதிப் பட்டையோடு நின்ற ஒரு பெரிய மனிதர், இது பாம்பே இல்லை, அந்தம்மாவின் நோன்பைச் சோதிக்க ஈசுவரனே வந்தது, அந்தம்மாவால்தான் தாங்க முடியவில்லை என்று ஒரு போடு போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் ஒரு டின்னில் போட்டு மூடியிருப்பேன்.

கூட்டம் பாக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்தது. நோன்பை இழந்தவர் அவர்தான், அவரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதரை நேராகப் பார்த்தார்.

“சோதிக்கிறதுன்னா என்னை வந்து கடிச்சிருக்கணும். ஒண்ணும் அறியாத கொழந்தையாண்ட சாமி போவாது. இது வெறும் பாம்பு. பத்துக் குடும்பம் படுக்குற எடம், அடிங்க.”

விட்ட இடத்திலிருந்து

அடித்துப் புதைத்தாயிற்று. மறுநாள் காலையில் தோப்புக்குப் போனபோது ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. கன்னியம்மாவின் சத்தம் இல்லை. அடுப்பு எரிகிறது, பிள்ளை இடுப்பில் இருக்கிறது, வாய் மட்டும் மூடியிருக்கிறது. பயத்தில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று முருகேசனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். மிச்ச நாளையாவது பேசாமல் இரு என்று பாக்கியம்மாளிடம் அவர் வீட்டுக்காரர் கெஞ்சினாராம். ஓட்டைப் பானையில் எதற்குத் தண்ணி பிடிப்பது என்று அவர் மறுத்துவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மா யாரையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டாளாம். அந்தம்மா விட்ட இடத்திலிருந்து இவள் பிடித்துக்கொண்டாள். ஒருத்தர் நோன்பை இன்னொருத்தர் முடிக்கலாம் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அவளும் கேட்கவில்லை.

தீபத்தன்று சாயங்காலம் தோப்பு முழுவதும் மலையைப் பார்த்து நின்றது. உச்சியில் சுடர் தெரிந்ததும் எழுந்த அரோகராவில் மாடுகள் மிரண்டன. நான் அந்த ஒரு தடவை கீழே பார்க்காமல் மேலே பார்த்தேன். பிறகு திரும்பினால் கன்னியம்மா பாக்கியம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அடக்கிய பேச்சில் முதலாக வெளியே வந்தது இதுதான்.

“எக்கா, புள்ள வந்ததும் ஒரு கடுதாசி போடச் சொல்லு. எனக்குப் படிக்க வராது. இவரு படிப்பாரு.”

அடுத்த கார்த்திகை

கடுதாசி வரவில்லை. அடுத்த வருஷம் முருகேசன் குடும்பம் அதே மரத்தடியில் வந்து இறங்கியது. குழந்தை இப்போது ஓடியது. ஒவ்வொரு வண்டி வரும்போதும் கன்னியம்மா எட்டிப் பார்ப்பாள். தேருக்கு முந்தின நாள் பாக்கியம்மாளும் வீட்டுக்காரரும் பஸ்ஸில் வந்து, ஒரு மூட்டையோடு தோப்புக்குள் நடந்து வந்தார்கள். பையன் கூட இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே கன்னியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் மனதில் ஓடியது என்ன என்பது எனக்குத் தெரியும். தன் பிள்ளைக்காகத் திறந்த வாயால் அவர் பிள்ளை போய்விட்டான் என்று ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவள், அது நிஜமாகிவிட்டதை இப்போது பார்த்தாள். எனக்கும் அந்தம்மாவை எதிர்கொள்ளத் துணிச்சல் இல்லை. கிணற்றைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன், ஓரக்கண் மட்டும் அங்கேயே இருந்தது.

பாக்கியம்மாள் நேராக வண்டிக்குப் பின்னால் போனார். முழங்கால் இன்னும் சரியாகவில்லை, சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். கன்னியம்மா தலை நிமிராமல் நின்றாள். அவர் குழந்தைக்காகக் கையை நீட்ட, அது புது முகம் என்று பயப்படாமல் தாவி வந்தது. பையனோடு பட்டாளத்தில் ஒன்றாக இருந்த ஒருவன் லீவில் வந்து எல்லாவற்றையும் சொன்னானாம். சண்டை தொடங்கிய முதல் வாரத்திலேயே குண்டு பட்டு, பையன் இவன் கண்ணெதிரே போய்விட்டானாம். இங்கே கொடியேற்றத்துக்கு அது எத்தனையோ நாள் முந்தி. நோன்பு தொடங்குவதற்கு முன்பே அந்தப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லத்தான் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். அண்ணாமலையாரிடம் அல்ல, கன்னியம்மாவிடம் சொல்ல. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அழாமல் சொன்னார்.

“நான் கத்தி எம் புள்ள போவலடி. அவன் முன்னமே போயிட்டான். நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா இதுவும் போயிருக்கும்.”

இத்தனை வருஷ சர்வீஸில் என்னதான் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் கொசு, சாக்கடை, காலரா என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். இதையும் சேர்த்துச் சொன்னால், அது உங்கள் இலாகாவிலா வருகிறது என்று கேட்பார்கள்.