தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் படம்

யுத்தம் முடிந்த கையோடு பெரம்பலூர்ப் பக்கம் அமெரிக்காக்காரர் ஒருவர் கல் பொறுக்க வந்தார். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அரிசிக்குக் கூப்பன், மண்ணெண்ணெய்க்குக் கூப்பன், கட்டுகிற துணிக்குக் கூப்பன் என்று ஊரே வரிசையில் நின்ற காலம் அது. கூப்பன் கடையில் அரிசி தீர்ந்துவிட்டால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்று மஞ்சள் சோளத்தை அளந்து போடுவார்கள். அங்கிருந்து தின்கிற சோளம் வருகிறது, இங்கிருந்து பல் உடைகிற கல் போகிறது, இதைவிட லாபமான வியாபாரம் உண்டா என்று எங்கள் மண்டி முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவருடைய கடலை மண்டியில் குமாஸ்தா. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை போய்க் கணக்கில் கோட்டை விட்டவன். ஆனால் இங்கிலீஷ் ஓரளவு வரும். மாசி மாதம் கடலை வரத்து ஓய்ந்து மண்டியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். துரைக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து கேட்டதும், சம்பளம் மிச்சம் என்று முதலாளி என்னைத் தள்ளிவிட்டார்.

துரை என்று நாங்கள்தான் சொன்னோம். அவருக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. தான் இங்கிலீஷ்காரன் இல்லை, தங்கள் நாடே அவர்களை விரட்டிவிட்ட நாடுதான் என்று முதல் நாளே என்னிடம் விளக்கினார். எங்கள் ஊருக்கு எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான், விடுங்கள் என்றேன். ஏதோ காலேஜில் வாத்தியார் வேலை. நெடுநெடுவென்று இருப்பார், மூக்கு மட்டும் எப்போதும் தோல் உரிந்து சிவந்திருக்கும். யாரைப் பார்த்தாலும் கையை நீட்டிக் குலுக்க வருவார். பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

காரை என்கிற ஊர்ப் பக்கத்து ஓடைகளில்தான் எங்களுக்கு வேலை. மழை அரித்த செம்மண்ணிலும் சுண்ணாம்புப் பாறையிலும் நத்தை மாதிரி சுருண்ட கல், சிப்பி மாதிரி மடிந்த கல் எல்லாம் கிடக்கும். எங்கள் பிள்ளைகள் அவற்றை வைத்துக் கல்லாங்காய் ஆடுவார்கள். இவர் ஒவ்வொன்றையும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்குவார். நல்ல கல் கொண்டுவந்தால் காசு என்று தெரிந்ததும் களையெடுக்கப் போகிற பெண்களெல்லாம் ஓடையில் இறங்கிவிட்டார்கள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப அவ்வளவு தண்ணியையும் எங்க கொண்டு போனாங்களாம்? கேட்டுச் சொல்லுங்க" என்றாள் ஒருத்தி. குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடக்கிறவள். அதை நான் பெயர்த்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

ஒரு நாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். வீட்டில் அரிசி இல்லை. என் மனைவி வாலிகண்டபுரத்துக்காரி, ரோஷக்காரி. வெறும் வயிற்றோடு விருந்தாளியை அனுப்பமாட்டாள். அந்த அமெரிக்காச் சோளத்தையே ஊற வைத்து இடித்துக் களி கிண்டி, கத்தரிக்காய்க் குழம்போடு வைத்தாள். அவர் சம்மணம் போட முடியாமல் காலை ஒரு பக்கம் நீட்டி உட்கார்ந்து, கையாலேயே சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, இது தன் அம்மா கிண்டுவதுபோலவே இருக்கிறது என்றார். நான் சொன்னதும் என் மனைவி, "அவங்க அம்மாவுக்கும் கூப்பன் சோளந்தானா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு உருண்டை வைத்தாள்.

எங்களுக்கு அப்போது ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தானமாகக் கொடுத்து, அவளிடமிருந்து ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கினோம். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளையை எமன் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெயரும் அதற்கேற்ற பெயர்தான். பெயருக்கு என்ன அர்த்தம் என்று துரை கேட்டபோது வெட்கத்தை விட்டு முழுக் கதையையும் சொன்னேன். அவர் அவளை மடியில் தூக்கி வைத்து, தன் தொப்பியைத் தலையில் கவிழ்த்து, "அப்படியானால் நான் ஒரு மூட்டை சோளம் தருகிறேன், எனக்கே கொடுத்துவிடு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். இருந்தாலும் அதை நான் என் மனைவிக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை.

பிள்ளைக்கு அவரிடம் கொஞ்சமும் பயமில்லை. அவர் ஓடையிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து வாசலில் நிற்பாள். நடுவில் அவளுக்குக் கண்வலி வந்து இமை ஒட்டிக்கொண்டு பீளை தள்ளியது. எங்கள் வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. துரை தன் பெட்டியிலிருந்து ஒரு களிம்பு கொடுத்தார், கண் திறந்துவிட்டது. அந்த நன்றியில்தான், ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிள்ளையை ஒரு படம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டபோது என் மனைவியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

ஆனால் அவளுக்குப் பயம். படம் பிடித்தால் பிள்ளைகளுக்கு ஆயுசு குறையும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். பிள்ளையின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு மை வைத்தாள். அப்படியும் மனசு ஆறவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். துரை பெட்டிக் கேமராவின் மேல் குனிந்து விசையைத் தட்டுகிற அந்த நேரத்தில் அவளுடைய வலது கை மேலே வந்து பிள்ளையின் முகத்துக்கு முன்னால் நின்றுவிட்டது.

பிலிமில் அது கடைசிப் படம். கற்களைப் படம் பிடித்ததுபோக மிஞ்சியது அது ஒன்றுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படம் பிடிக்க நாங்கள் திருச்சிக்குத்தான் போக வேண்டும். வாசலுக்கு வந்த அதிர்ஷ்டத்தை இப்படிச் செய்துவிட்டாயே என்று கத்தினேன்.

"மொகம் நம்ம வூட்டுலயே இருக்கட்டுங்க. கடலுக்கு அந்தாண்ட என்னாத்துக்கு?" என்றாள்.

துரை கேமராவை மூடினார். படம் போட்டு அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார். கற்களையெல்லாம் மரப்பெட்டிகளில் அடுக்கி, உடையாமல் இருக்கக் கடலைத் தோலைத் திணித்து, வண்டி வைத்து அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலேற்றினோம். பிள்ளையும் வண்டியில் வந்தாள். ரயில் நகர்கிறபோது அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். அவள் ஒருத்திதான் பயமில்லாமல் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஐப்பசி மழை விட்டதும் எங்கள் தெருவில் வாந்திபேதி வந்தது. காலையில் விளையாடிக்கொண்டிருந்தவள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். எமனுக்குத் தவிடும் தெரியவில்லை, தங்கமும் தெரியவில்லை. 

என் மனைவி அழவில்லை. தெருப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "வாய வுட்டு அளுதுடு தாயி, உள்ளயே வச்சுக்காத" என்று கெஞ்சினார்கள். அவள் தூணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஒரு நாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து சொன்னாள்.

"ஏங்க, கண்ண மூடுனா சிரிக்கிற சத்தம் கேக்குது. மொகம் வரமாட்டேங்குதுங்க."

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் படத்தைத் தவிர வேறு நினைப்பு இல்லை. கை முழுதும் மறைத்திருக்காது, விரல் இடுக்கில் ஒரு கண்ணாவது தெரியும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் செம்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வாசலில் நின்றாள். துரை நின்ற இடத்தில் என்னை நிற்கச் சொன்னாள். கையைச் செம்புக்கு முன்னால் கொண்டுவந்தாள்.

"செம்பு தெரியுதாங்க?"

தெரியவில்லை. தெரிகிறது என்றேன். "எம்புட்டு தெரியுது?" என்றாள். பாதி என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

துரைக்குக் கடிதம் போட்டேன். பிள்ளை போனதை எழுதக் கை வரவில்லை. படத்தை அனுப்பி வையுங்கள் என்று மட்டும் எழுதினேன். மாசியில் பார்சல் வந்தது. தெருவே கூடிவிட்டது. எல்லாரையும் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தோம். மேலே ஒரு கவுன் இருந்தது. இளநீல நிறம், கழுத்தில் வெள்ளைப் பின்னல். அவர் வீட்டம்மா தைத்ததாம். பிள்ளை ஒரு வருஷம் வளர்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுச் சற்றுப் பெரிதாகவே தைத்திருந்தார்கள்.

அடியில் கெட்டி அட்டையில் ஒட்டிய படம். நல்ல படம். அப்படித் துல்லியமான படத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிள்ளையின் காலில் தண்டை தெரிந்தது, அரைஞாண் தெரிந்தது, முழங்காலில் விழுந்து எழுந்த சிராய்ப்புக்கூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய அம்மாவின் கை. விரல்கள் நெருக்கமாகச் சேர்ந்திருந்தன. கண்ணாடி வளையல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். கைக்கு அந்தப் பக்கம் ஒரு காது மட்டும் தெரிந்தது.

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு படத்தில் இருந்த தன்னையே பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"கைய எடுடி. ஒரே ஒரு தரம் எடுடி. நான் பாத்துட்டுக் குடுத்துர்றேன், எடுடி."

நான் படத்தை வாங்கப் போனேன். விடவில்லை.

சாயங்காலம், துரைக்குப் பதில் எழுத வேண்டும், நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவள் அந்தக் கவுனை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாங்க. சட்டை சரியா இருக்குன்னு எழுதுங்க. கண்ணத் தொறந்து வச்ச மனுசன். அவரு மனசும் எதுக்கு நோவணும்?"

அப்படியே எழுதினேன். அடுத்த மாசியில் இன்னொரு கவுன் வந்தது, முன்னதைவிட நாலு விரல்கடை நீளம். அவள் அதைச் சுவரில் வைத்துப் பார்த்து, "வளத்தியாத்தான் இருக்கா" என்றாள்.  வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாமே என்று நான் வாயெடுத்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன். கவுன்கள் வேப்பிலை போட்ட டிரங்குப் பெட்டிக்குள் போயின. துரை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பள்ளிக்கூடம் போகிறாள். ஒன்று முதல் நூறு வரை சொல்கிறாள். உங்கள் தொப்பியை மறக்கவில்லை. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை அமெரிக்காவில் வருஷத்துக்கு நாலு விரல்கடை வளர்ந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது பார்சலில் கவுனோடு ஒரு பென்சில் பெட்டியும் இருந்தது. அந்தப் படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாகவும், வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிற குழந்தை யார் என்று கேட்பதாகவும் துரை எழுதியிருந்தார். இப்போது அவள் வளர்ந்திருப்பாளே, திருச்சியில் ஒரு படம் பிடித்து அனுப்புங்கள், இந்த முறை அம்மாவின் கை இல்லாமல், என்று கேட்டிருந்தார்.

நான் படித்துச் சொல்லி முடித்ததும் அவள் எழுந்து போய்ப் படத்தை எடுத்துவந்தாள். முந்தானையால் துடைத்தாள்.

"அவ ஆத்தா இன்னும் கைய எடுக்கல, எடுத்தா அங்க யாரும் இல்லன்னு எழுதுங்க" என்றாள்.

துரையிடமிருந்து அவளுக்கும் அவளிடமிருந்து துரைக்கும் நான் எவ்வளவோ பெயர்த்திருக்கிறேன். எத்தனையோ விட்டும் இருக்கிறேன். இதில் ஒரு வார்த்தையும் விடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அப்படியே எழுதி, மறுநாள் தபாலில் சேர்த்துவிட்டேன்.

அடுத்த மாசி வந்தது. அவள் தினமும் வாசலில் நின்றாள். பங்குனியும் பாதி போயிற்று. ஒரு நாள் தபால்காரர் எங்கள் வீட்டைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நிற்காமல் போனார்.

அவள் உள்ளே வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கவுன்களை ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் எடுத்து வைத்தாள். அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.