டீச்சருக்கு இன்னும் போணி ஆகவில்லை

பட்டினப்பாக்கத்தில் எங்கள் மீன் கடை. என் மருமகள் செல்வி கடையிலேயே போனைச் சாய்த்து வைத்து, ஆன்லைனில் பி.ஏ. படிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்பேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது.

முதல் நாள் வகுப்பில் எல்லாரும் பேர் சொன்னார்கள். அத்தனை பேரும் குரலோடு எனக்கு ஞாபகம். அதற்கப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இன்று காலை செல்வி, "படிப்பை நிறுத்திடலாம்னு கீறேன் மாமா. நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நானே போனை எடுத்துச் சாய்த்து வைத்தேன்.

வகுப்பில் டீச்சர் ஏதோ கேள்வி கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்.

"யாராவது இருக்கீங்களாப்பா?" என்றபோது அவர் குரல் இறங்கிவிட்டது.

வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள். "பாவம் மாமா, இந்தம்மாக்கு இன்னும் போணியே ஆவல."

கையைத் துடைத்துக்கொண்டு மைக்கைத் தட்டி ஒரு பதில் சொன்னாள்.

தப்பான பதில்.

டீச்சர் சிரித்தார். "தப்புதான். ஆனா நீ பேசினதே போதும்மா. பேரென்ன?"

அவ்வளவுதான், இன்னொரு குரல் வந்தது. கோபி. அடுத்து ரேவதி. சொன்னேன் அல்லவா, எல்லாக் குரலும் எனக்குத் தெரியும்.

வகுப்பு முடிந்ததும் செல்வி, "நாளைக்கு இந்த நேரத்துக்கு மீனை நீங்க வெட்டுங்க மாமா" என்றாள்.

கேமராவை மூடிவிட்டுத் தூங்கும் பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் யார் போணி?