மச்சானுக்கு விட்ட இடம்

விமானத்தின் மேல்மூடி இன்னும் இறங்கவில்லை, அதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

"தங்கச்சி, இன்னைக்கு சூப்புல கரண்டிய விட்டுத் துழாவிப் பார்த்துட்டேன். ஒரு துண்டு உருளைக்கிழங்கு தட்டுப்படல. எதிரிதான் கண்ணுல பட மாட்டேங்கிறான், உருளைக்கிழங்குக்கு என்ன கேடு?"

இருக்கையில் இருந்தவரின் தோள்பட்டை வாரை இறுக்கிக்கொண்டிருந்த மெக்கானிக் பெண் "ம்" என்றாள். நின்று நின்று அவளுக்குக் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது, சிரிக்கத் தெம்பில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர். கேட்கிறவர்கள் சிரித்தால்தான் பேசுவேன் என்று இருந்திருந்தால் அந்தக் கப்பலில் அவர் என்றைக்கோ ஊமையாகியிருப்பார்.

கப்பல் முழுக்க அவருக்கு 'ரேடியோ' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். தனியாள் ஓட்டுகிற சண்டை விமானத்தின் பைலட். வண்டி புறப்பட்டதும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்துவிடும்; திரும்பி வந்து கப்பலின் விமானக் கொட்டகையில் நிற்கிற வரை ஓயாது. "எல்லாரும் சாப்பிட்டாச்சா? சாப்பிடாதவங்க கையத் தூக்குங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார், கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு. கட்டுப்பாட்டு அறைக்காரர் முதலில் அதட்டிப் பார்த்தார், பிறகு கெஞ்சிப் பார்த்தார். இப்போது அவரே, "இல்லைங்க, இன்னும் சாப்பிடல" என்று பதில் சொல்கிறார்.

சிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. சின்ன ஊர் ஒன்றைப் பெயர்த்தெடுத்து விண்வெளியில் விட்டது போலப் பெரிய போர்க்கப்பல். பெயருக்குத்தான் போர், வருடக்கணக்கில் ரோந்துதான். விட்ட மூச்சையே வடிகட்டி வடிகட்டித் திரும்ப விடுகிறார்கள், அதனால் எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஈரச் சாக்கு வாடை. நடைவழி விளக்குகளில் பாதி எரியாது. ஆட்கள் ஒருவரையொருவர் கடக்கும்போது தலையைக்கூட அசைப்பதில்லை. அத்தனை பேருக்கும் தூக்கம் பாக்கி.

அந்த நடைவழியில்தான் ரேடியோ தப்புத் தப்பாக ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு, துவைத்த காலுறைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். குட்டையான மனிதர். தலைக்கவசம் அழுத்தி அழுத்திக் காது இரண்டும் சிவந்து விடைத்திருக்கும். என்ஜின் ஆறுவதற்குள் காலுறைகளை அதன் மூடி மேல் காயப்போட்டாக வேண்டும் அவருக்கு.

"அண்ணே, அது சண்டை விமானம், கொடிக்கயிறு இல்ல" என்று மெக்கானிக் கத்துவாள்.

"சண்டை எங்கம்மா நடக்குது? அதுவும் பாவம், சும்மா கிடக்குது. ஒரு வேலை வெட்டி வேணாமா?"

அவருடைய ஜோடி விமானத்தை ஓட்டியது அவருடைய மச்சான். மனைவியின் ஒரே தம்பி. "நான் இருக்கேன், பார்த்துக்கறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவனைப் படையில் சேர்த்ததே ரேடியோதான். இவர் வாய் ஓயாது. அவன் வாயைத் திறந்தால் அதிசயம். ஒரு வண்டிக்கென்று கட்டிய கொட்டகையில் இரண்டு வண்டிகளை நிறுத்த வேண்டியிருந்ததால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதலில் நுழைகிற ரேடியோ வலப்பக்கச் சுவரை ஒட்டிப் போவார். இறக்கைக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பது பின்னால் வருகிற மச்சானுக்குத்தான் தெரியும். "இன்னும் கொஞ்சம் மாமா... இன்னும்... போதும்" என்பான். அந்தச் சொல்லுக்கு ரேடியோ வண்டியை நிறுத்துவார். சுவருக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் இருக்கும். பிறகு மச்சான் இடப்பக்கம் வந்து நிற்பான். நாள் முழுக்க அந்தப் பையன் பேசியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒரு ரோந்தில் இரண்டு வண்டிகள் போய் ஒன்று திரும்பியது. பாறைத் துணுக்கா, எதிரி விட்டுவைத்த வெடியா, இன்னும் யாருக்கும் தெரியாது. தேடப் போனவர்களும் வெறுங்கையோடு வந்தார்கள். அடுத்த ரோந்திலேயே ரேடியோ வழக்கம்போல எல்லோரையும் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். "என்ன மனுஷன்யா இவரு, கல்லா?" என்று சாப்பாட்டு அறையில் சிலர் முணுமுணுத்தார்கள். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர்களிடம் என்னவென்று சொல்வாள்? அவளுக்குத் தெரிந்தது வேறு.

கொட்டகையின் இடப்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று கிடங்குக்காரர் ஒருநாள் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். "இங்க வேணாம்ணே, எனக்கு நடக்க இடம் வேணும், டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சிரித்துக்கொண்டே ரேடியோ அத்தனை பெட்டிகளையும் தானே வெளியே தள்ளினார். தள்ளி முடிக்கும்போது சட்டை நனைந்துவிட்டது. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

இப்போது கொட்டகை முழுவதும் அவர் ஒருவருக்குத்தான். நடுவில் ஜம்மென்று நிறுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வலப்பக்கச் சுவரை ஒட்டித்தான் வருகிறார், இடப்பக்கம் ஒரு வண்டிக்கு இடம் விட்டு. பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள் என்று கை காத்திருக்கிறது, சொல்ல ஆளில்லை, சுவரில் உரசித்தான் வண்டி நிற்கிறது. முதல் தடவை பக்கத்து அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தபோது மெக்கானிக் அழுதுவிட்டாள். அப்புறம் அழுகை வரவில்லை, வேலைதான் வந்தது. உரசிய இடத்தைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள். மேலிடத்துக்குத் தெரிந்தால் அவரைப் பறக்க விட மாட்டார்கள். சரக்குக் கப்பலில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சரக்குக் கப்பல் இந்த வாரம் வந்து நிற்கிறது. டாக்டர் எல்லாப் பைலட்டுகளையும் சோதித்தார். ரேடியோ டாக்டரையே வயிறு குலுங்கச் சிரிக்கவைத்து, பறக்கலாம் என்று சொல்லவைத்துவிட்டு வந்துவிட்டார். நேற்று உரசியதிலோ இறக்கை நுனியின் தகடு கிழிந்து, உள்ளே எரிபொருள் குழாய் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கொட்டகையோடு அவரும் போயிருப்பார். மெக்கானிக் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"அண்ணே, சுவத்துல உரசுறீங்க. தெரியுதா இல்லையா?"

"ரெக்கைக்கு அரிப்பும்மா, சொறிஞ்சுக்குது."

"விளையாடாதீங்க. உயிரு போயிடும். வீட்டுக்குப் போங்கண்ணே."

அவர் காய்ந்த காலுறையை உதறினார், மடித்தார், திரும்பவும் பிரித்தார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? அவ என்னைத் திட்டியிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லல. எப்ப வர்றீங்கன்னு மட்டும் கேட்டு அனுப்பியிருக்கா. கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களான்னு பார்ப்பா, தங்கச்சி. பார்க்கக் கூடாதுன்னு நினைச்சாலும் பார்ப்பா." காலுறையை மறுபடி மடித்துக்கொண்டே, "இங்கன்னா சூப்பாவது கிடைக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

கிழிந்த தகட்டை எடுத்துவிட்டுப் புதுத் தகடு போட்டாள். போட்டுக்கொண்டே யோசித்தாள். வீட்டுக்கு அனுப்பினால் மனிதர் அங்கே என்ன ஆவாரோ, தெரியாது. அனுப்பாவிட்டால் இங்கே என்ன ஆவார் என்பது தெரிந்த கதை.

இன்றும் அவரை உட்காரவைத்து, வார்களை இறுக்கி, மூடியை இறக்கினாள். மெக்கானிக் பச்சை விளக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பக்கத்து அறைக்குள் போனால்தான் கொட்டகையின் வெளிக்கதவு திறக்கும். அதுவரை கப்பல் தலைவரே வந்து சொன்னாலும் வண்டி நகராது. அவள் விளக்கைக் கையில் எடுத்தாள். எடுத்ததைத் தரையில் வைத்துவிட்டு, வண்டியின் மூக்குக்கு நேரே போய் நின்றுகொண்டாள்.

கண்ணாடிக்குள் ரேடியோவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவள் நகரப்போவதில்லை என்று புரிந்ததும் அது மெல்ல நின்றது.

"என்ன தாமதம்? வண்டில கோளாறா?" என்று ஒலிபெருக்கியில் கட்டுப்பாட்டு அறை கேட்டது.

ஆமாம் என்று ரேடியோ ஒரு சொல் சொன்னால் முடிந்தது. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வேறொரு மெக்கானிக்கை நிறுத்திவிட்டு நாளைக்குப் பறந்துகொள்ளலாம். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே அவள் ஏணியில் ஏறி மூடியைத் திறந்தாள்.

"கோளாறா இல்லையா? சொல்லுங்க" என்றது ஒலிபெருக்கி.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு" என்றார் ரேடியோ. "ஓட்டுறவனுக்குத்தான் முடியல."



"இறங்குங்கண்ணே" என்றாள் அவள்.

மூடி திறப்பதற்கு முன்பே வார்களை அவிழ்த்துக்கொண்டு கீழே குதித்துவிடுகிற மனிதர். இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக்கொண்டு, அவளே அவிழ்த்துவிடட்டும் என்று, பேசாமல் உட்கார்ந்திருந்தார்.