எருமைத்தோல் வார்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் போட்ட காய்ந்த எருமைத்தோல் துண்டை நம் நாய் கறுக்முறுக்கென்று கடித்தது. அந்தச் சத்தம் என்னைச் சிறுவயதுக்குக் கொண்டுபோனது.

அப்போது பபேடான் என்ற நகரப்பகுதியில் இருந்தோம். என் நாய் மணிக்கும் உப்பு மணக்கும் எருமைத்தோல் என்றால் உயிர்.

அப்பா தெருக்கூட்டும் வேலை செய்தார். ஒருநாள், "நாளைக்குத் தெருநாய்ங்களுக்கு விஷக்கறி போடுறாங்கடா. மணியக் கட்டிப்போடு" என்றார்.

வீட்டில் கயிறு இல்லை. எருமைத்தோல் வார் ஒன்று இருந்தது. காலையில் அதைக் கொண்டு மணியைப் படிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

திரும்பி வந்தபோது கடித்து அறுத்த வார் ஈரமாகத் தொங்கியது. மணி தெருமுனையில் விறைத்துக் கிடந்தது.

அப்பாதான் அதைக் குப்பை வண்டியில் தூக்கிப் போட்டார். "கட்டச் சொன்னா, தீனியப் போட்டுட்டுப் போயிருக்கியேடா" என்றார்.

நம் நாயை இரும்புச் சங்கிலியில் கட்டியிருக்கிறேன். தினமும் அதை இழுத்துப் பார்க்கிறேன். மணிக்கு இனி அதனால் ஒரு பயனும் இல்லை.