உலைகிட்ட நின்ன பொம்பள

பொன்னேரி ரயிலில் என் எதிரே இரண்டு கல்லூரிப் பெண்கள் போனில் பேய்க்கதை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சிறுமி பேசினாள்: "உலைகிட்ட வெள்ளச் சேல கட்டின பொம்பளய எங்கப்பா பாத்தாரு."

அது என் குரல். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் உலை வேலை பார்த்தார். அவர் சட்டையில் எப்போதும் துருவும் கருகிய முடியும் நாறும். அந்த மழை வாரம் முழுக்க, சாப்பிடும்போது அம்மாவிடம் ஒன்றையேதான் சொன்னார்.

"நனைஞ்ச பழைய இரும்ப அப்டியே உலையில கொட்டச் சொல்றானுங்கமே. ஈரத்தோட போட்டா வெடிச்சிடும்."

வெடித்தது. அப்பாவை மூடிய பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

மூன்றாம் நாள் லோக்கல் கேபிள் டிவிக்காரர் வந்தார். அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கேமராவை இறக்கினார்.

"அது வேணாம் பாப்பா. பேய் கீய் பாத்தேன்னு சொன்னாரா? அதச் சொன்னாதான் டிவில வருவே."

எனக்கு டிவியில் வர வேண்டும். சொன்னேன். அன்று மாலை தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது. அம்மா மட்டும் எழுந்து போனாள்.

ரயிலில் வீடியோ முடிந்ததும் எதிரே இருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள், "நெசமா இருக்குமாடி?"

"பின்ன? அப்பன் செத்த ஊட்ல, சின்னப் பொண்ணு பொய் சொல்லுமா?"